சூதாட்ட மாளிகையில் பாடிய மன்னன்

கோயில் திருவிழாவானாலும் நகரமன்றக் கலை நிகழ்ச்சியானாலும் பாடகர்தாம் நம் ஊரைத் தேடி வருவார். பாடகர் ஓரிடத்திலேயே தங்கியிருக்க, ஊர் உலகமெல்லாம் அவரைத் தேடிச் சென்ற கதையைக் கேட்டிருக்கிறீர்களா? அதுதான் எல்விஸ் பிரெஸ்லியின் லாஸ் வேகாஸ் கதை.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே உள்ள நகரம் லாஸ் வேகாஸ். அங்கே 1931-ஆம் ஆண்டிலேயே சூதாட்டத்திற்குச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. நம் கெந்திங் மலையில் 1971-ல் கேசினோ வந்தபோது லாஸ் வேகாஸில் அது பழைய தொழில். ஆட்டமும் பாட்டும் அங்கே தூண்டிற்புழு. பாட்டுக் கேட்க வருகிறவர் சூதாட்ட மேசையைக் கடக்காமல் வீடு திரும்புவது அரிது. விடுதிக்காரர் கணக்கு அதுதான்.

ஏழைக் குடும்பத்தில் 1935-ல் பிறந்த எல்விஸ், 21 வயதில் ராக் அண்ட் ரோல் இசையின் மன்னராகிவிட்டார். அந்த 1956-ஆம் ஆண்டிலேயே லாஸ் வேகாஸில் இரண்டு வாரம் பாடினார். அங்கு வந்திருந்த நடுத்தர வயதினருக்கு அவர் பாட்டுப் பிடிபடவில்லை. கைதட்டல் சொற்பம். அதன்பின் படப்பிடிப்புகளே அவர் காலத்தை விழுங்கின. 1961-க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் அவர் பொதுமேடையில் கச்சேரி செய்யவே இல்லை.

கெர்க் கெர்கோரியன் என்ற செல்வர் 1,500-க்கும் மேற்பட்ட அறைகளோடு கட்டிய 'இண்டர்நேஷனல்' விடுதி 1969 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் அரங்கில் ஏறத்தாழ 2,000 பேர் அமரலாம். ஜூலை 31-ஆம் நாள் இரவு, பழைய தோல்வி நெஞ்சை அழுத்த, எல்விஸ் மேடை ஏறினார். பாடி முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது! நான்கே வாரம், 57 காட்சிகள், இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள். வசூல் ஏறக்குறைய 15 இலட்சம் டாலர்.

இங்கேதான், அன்பர்களே, நாம் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். அந்த வெற்றியின் சூட்டோடு சூடாக ஓர் ஒப்பந்தம் தயாரானது. ஆண்டுக்கு இரு தடவை, நான்கு நான்கு வாரம் பாட வேண்டும். சம்பளம் ஆண்டுக்கு 10 இலட்சம் டாலர். காலம் ஐந்து ஆண்டு. கேட்பதற்கு மலைப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் நான்கு வாரத்திலேயே 15 இலட்சம் ஈட்டித் தந்தவருக்கு எட்டு வாரத்திற்கு 10 இலட்சம்தான்!

பேரம் பேசியவர் அவருடைய மேலாளர் 'கர்னல்' டாம் பார்க்கர். நம் பாட்டன்மார் காலத்துக் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்றவன் ஒருவன். தலைக்காசு வாங்கியவன் வேறொருவன். பார்க்கருக்குச் சில வருமானங்களில் பாதிப் பங்கு இருந்தது. அதோடு அவர் பெரும் சூதாட்டப் பிரியர். எந்த விடுதியோடு பேரம் பேசினாரோ, அதே விடுதியின் மேசையில் பெருந்தொகையை இழந்து வந்தார். அப்படிப்பட்டவர் அந்த விடுதியிடம் கறாராகப் பேசுவாரா?

ஹாலந்தில் பிறந்த பார்க்கர், முறையான ஆவணமின்றி அமெரிக்காவில் வாழ்ந்தவர், கடவுச்சீட்டு இல்லாதவர். எல்விஸ் கனடாவைத் தவிர வேறு அயல்நாட்டுக்குப் பாடச் செல்லாததற்கு அதுவே காரணம் என்பது பலர் முடிவு. ஆசிய ரசிகர்களுக்குக் கிட்டியதெல்லாம் 1973 ஜனவரியில் ஹவாயிலிருந்து துணைக்கோள் வழியாக ஒளிபரப்பான நிகழ்ச்சிதான்.

1971-ல் விடுதியின் பெயர் 'லாஸ் வேகாஸ் ஹில்டன்' ஆயிற்று. பெயர் மாறினாலும் வேலை மாறவில்லை. பெரும்பாலும் இரவுக்கு இரண்டு காட்சி. தொண்டையை வறட்டும் பாலைக்காற்று. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. தூங்க ஒரு மாத்திரை, எழ ஒரு மாத்திரை. அங்கே 600-க்கும் மேற்பட்ட காட்சிகள் பாடி, 1976 டிசம்பரில் கடைசியாக மேடை இறங்கினார். 1977 ஆகஸ்ட் 16-ல் காலமானார். வயது 42தான்.

அவர் மறைந்தபின், சிறுமியாக இருந்த அவர் மகளின் சொத்துரிமையைக் காக்க நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை நியமித்தது. பார்க்கர் எடுத்த பங்கு அளவுமீறியது என்று அவர் அறிக்கை கொடுத்தார். 1983-ல் சமரசம் ஏற்பட்டது. பாடியவருக்கு அதனால் என்ன பயன்?

திறமை இருந்தால் போதும் என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். போதாது, அன்பர்களே! பாடத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கும் தெரிய வேண்டும். நமக்காகப் பேசுகிறவர் யார் பக்கம் நிற்கிறார் என்று கேட்கத் தெரிய வேண்டும். அடுத்த முறை யாராவது ஒரு தாளை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடு" என்றால், முதலில் அதை உட்கார்ந்து படியுங்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் அந்தத் தாள் பேசிக்கொண்டிருக்கும்.