புதுப்பித்த டிராக்டர் என்ஜின்: கிளப்புமுன் எண்ணெய் ஏற்றுங்கள்

கோடையில் டிராக்டருக்கு வேலை குறைவு. பல்லடம், பொங்கலூர், காங்கயம், குண்டடம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் மழை விழும்வரை வண்டி கொட்டகையிலேயே நிற்கும். என்ஜினை இறக்கி வேலை பார்க்க விவசாயிகள் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் இந்த நாட்களைத்தான். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, கிராங்கைப் பட்டறையில் கொடுத்து அரைத்து வாங்கி, கூலியையும் சேர்த்துப் பார்த்தால் சிறு விவசாயிக்கு ஒரு போகத்து வருமானம் அதிலேயே போய்விடும். இவ்வளவு செலவில் தயாரான என்ஜின், முதன்முதலாகக் கிளம்பும் சில வினாடிகளிலேயே கெட்டுப்போக இடமிருக்கிறது.

சேம்பரில் புது எண்ணெய் ஊற்றியாகிவிட்டது, அளவுக் கம்பியில் மேல் கோடு வரை நிற்கிறது, இனி என்ன குறை என்று நினைப்பது இயல்பு. அந்த எண்ணெய் இருப்பது சேம்பரின் அடியில். அங்கிருந்து பம்பு, பில்டர், பிளாக்கின் உள்வழி, கிராங்கின் துளைகள் என்று பேரிங் வரை உள்ள பாதை முழுவதும் காற்றுதான் நிறைந்திருக்கிறது.

கிணற்றில் பம்பு செட் வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. புட் வால்வு ஒழுகிக் குழாயில் தண்ணீர் வடிந்துவிட்டால், மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகே ஏறும். என்ஜினின் ஆயில் பம்பும் ஏறக்குறைய அப்படித்தான். அதனுள் இரண்டு பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. பற்களுக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள சிறு இடுக்கை எண்ணெய் அடைத்து நின்றால்தான் உறிஞ்சும் சக்தி வரும். டீசலில் கழுவித் துடைத்துப் பூட்டிய பம்பு வெறும் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

பேரிங் என்பது எஃகுத் தகட்டின்மேல் மெத்தென்ற உலோகம் படிந்த ஒரு பட்டை. அதற்கும் கிராங்குக்கும் நடுவே ஒரு தலைமுடிப் பருமன் அளவுக்குத்தான் இடைவெளி. எண்ணெய் அதில் புகுந்து நிற்கும்போது கிராங்க் எண்ணெய்மேல் மிதந்து சுற்றுகிறது. இல்லாதபோது உலோகத்தோடு உலோகம் உரசும். கீறல் அன்றைக்கே வெளியில் தெரிவதில்லை. ஓரிரு போகம் கழித்து அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்கும். அப்போது பழி மெக்கானிக்கின்மேலோ, பேரிங் விற்ற கடைக்காரர்மேலோ விழும்.

நஷ்டம் பேரிங்கோடு நிற்பதில்லை. ஸ்டாண்டர்டு அளவு கிராங்கை முதலில் ‘பத்து’, பிறகு ‘இருபது’, பிறகு ‘முப்பது’ என்றுதான் அரைப்பார்கள். பத்து என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். இப்படிச் சில தடவைதான் அரைக்க முடியும், அதற்குமேல் கிராங்கே புதிது வாங்க வேண்டும். வறண்டு ஓடிய அரை நிமிடத்தில் அந்த வாய்ப்புகளில் ஒன்று போய்விடலாம்.

கவனமுள்ள மெக்கானிக் பூட்டும்போதே பேரிங், லைனர் எல்லாவற்றிலும் எண்ணெய் தடவுவார். அன்றோ மறுநாளோ கிளப்பினால் அது உதவும். சித்திரையில் பூட்டிய என்ஜினை ஆடியில் கிளப்பும்போது, தடவியதில் பெரும்பகுதி வடிந்து போயிருக்கும். வாரக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்குக் கிளப்பும் நாளிலும் எண்ணெய் ஏற்ற வேண்டும்.

எண்ணெய் ஏற்றும் முறை

ஆயில் பம்பை மாட்டுமுன் அதில் எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றி நிரப்ப வேண்டும். பட்டறைகளில் பற்களுக்கிடையே வாசலின் அப்புவதும் உண்டு. என்ஜின் சூடானதும் வாசலின் உருகி எண்ணெயோடு கலந்துவிடும், அதனால் தொந்தரவில்லை. கிரீஸ் வைக்கக் கூடாது. அது எளிதில் கரையாமல் வழியை அடைக்கும். புது பில்டரிலும் எண்ணெய் நிரப்பியே மாட்ட வேண்டும். படுத்த நிலையில் மாட்டும் பில்டராக இருந்தால் பாதியாவது நிரப்பலாம்.

அடுத்து, ஆயில் மீட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்துவது மிகச் சிறந்த முறை. இதற்குப் பட்டறை சாதனம் இல்லாதவர்கள் காற்றடித்து அழுத்தும் சிறிய கைத்தெளிப்பானைப் பயன்படுத்தலாம். நாசிலை எடுத்துவிட்டு, துளைக்குப் பொருந்தும் குழாயை இணைத்தால் போதும். தெளிப்பான் புதிதாக இருக்க வேண்டும். மருந்து அடித்ததை எவ்வளவு கழுவினாலும் உள்ளே நீரும் மருந்தும் தங்கும். இப்படி ஏறும் எண்ணெய் முடிவில் சேம்பருக்கே வந்து சேருவதால், பிறகு அளவுக் கம்பியைப் பார்த்துக் கூடுதலை வடித்துவிட வேண்டும்.

எண்ணெய் ஏறும்போது வால்வு மூடியைத் திறந்து வைத்து, ராக்கருக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் டிராக்டர்கள் பலவற்றில் இருப்பது, பெர்க்கின்ஸ் வடிவமைப்பைத் தழுவிய மூன்று சிலிண்டர் சிம்சன் என்ஜின். இவ்வகையில் ராக்கருக்குப் போகும் எண்ணெய், கேம் ஷாப்ட் சுற்றும்போது துளைகள் நேர்ப்படும் வேளையில் மட்டுமே மேலேறும். எண்ணெய் வரவில்லையே என்று கலங்காமல், கிராங்கைக் கையால் மெல்ல இரண்டு சுற்று சுற்றினால் வழி திறக்கும்.

இதன் பிறகே செல்ப் அடிக்க வேண்டும். ஸ்டாப் நாபை இழுத்து வைத்து, டீசல் போகாதபடி, பத்து வினாடிக்கு மேற்படாமல் அடித்து, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, மீட்டர் முள் எழும்வரை செய்யலாம். இன்ஜெக்டர்களைக் கழற்றி வைத்தால் கம்ப்ரஷன் இராது. பேரிங்குக்கும் சுமை குறையும், பேட்டரிக்கும் நல்லது. டர்போ உள்ள வண்டியானால் அதன் எண்ணெய்க் குழாயைக் கழற்றி அந்த வாயிலும் சிறிது ஊற்ற வேண்டும். முள் எழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மெக்கானிக்கின் பாக்கிக் கூலியைக் கொடுப்பது உத்தமம்!

கை ஹேண்டில் போட்டுச் சுற்றும் ஆயில் என்ஜினில் இது இன்னும் எளிது. டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்துச் சுற்றினால் போதும். பம்பு இல்லாமல், கனெக்டிங் ராடின் அடியிலுள்ள கரண்டி எண்ணெயை வாரி இறைக்கும் பழைய வகையில், கரண்டி முங்கும் தொட்டியிலும் பேரிங்குகளிலும் நேராகவே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

பெரிய ஜெனரேட்டர்களிலும் கப்பல் என்ஜின்களிலும் கிளப்புமுன் எண்ணெய் ஏற்றுவதற்கென்றே தனிப் பம்பு வைத்திருக்கிறார்கள். டிராக்டருக்கு அந்த வசதி இல்லாததால்தான் இத்தனை கை வேலை.

பனியன் வேஸ்ட்

திருப்பூர் வட்டாரத்தில் துடைக்கத் துணிக்குப் பஞ்சமில்லை. பட்டறைகளில் பனியன் வேஸ்டும் நூல் வேஸ்டும் மூட்டையாகக் கிடக்கும். வெளிப்புறம் துடைக்க அவை சரி. கிராங்கின் துளை, பிளாக்கின் எண்ணெய் வழி, பம்பின் சல்லடை ஆகியவற்றில் அவற்றின் இழை சிக்கினால், எண்ணெய் ஏற்றியும் பயனில்லை. இவ்விடங்களை டீசலால் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்வதே நல்லது. கிராங்க் அரைத்த தூளும் துளைகளுக்குள் தங்கியிருக்கும். அதையும் பூட்டுமுன் வெளியேற்றியாக வேண்டும்.

என்ஜின் கிளம்பியதும் சில வினாடிக்குள் முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்தி, காரணம் தேட வேண்டும். ஏறிவிட்டால் நடுத்தர வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு ஒழுக்கு பார்க்கலாம். முதல் நாட்களில் ரோட்டாவேட்டர் போன்ற பெரும் சுமை கூடாது. நாள் முழுவதும் ஐடிலில் ஓட்டுவதும் தவறு, அதனால் ரிங் லைனரோடு சரியாகப் படியாது. கல்டிவேட்டரில் மேலாக உழுவது பொருத்தம். சுமார் 50 மணி நேர ஓட்டத்திலோ, கம்பெனிக் கையேடு சொல்லும் நேரத்திலோ முதல் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடித்து, பில்டரையும் மாற்ற வேண்டும். வடித்ததை ஒரு வெள்ளைத் தட்டில் சிறிது ஊற்றி வெயிலில் பார்த்தால், மினுக்கும் தூள் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.