சிறு பள்ளம், பெரு நஷ்டம்

சிதம்பரத்தை விட்டுத் தெற்கே சீகாழிக்குப் பிரயாணம் செய்வோர், கொள்ளிடப் பாலம் வந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது வழக்கம். ஆற்றில் ஜலம் ஓடினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஓடாவிட்டால், "அடேயப்பா, எவ்வளவு மணல்!" என்பார்கள். அந்த மணலில் கொஞ்சம் அள்ளினால் குடி முழுகிவிடுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

மணல் அள்ளுவதே பாவம் என்று சாதிக்க நாம் முன்வரவில்லை. வீடு கட்ட மணல் வேண்டும். பள்ளிக்கூடம் கட்டவும் வேண்டும். வண்டிக்காரருக்கும் கூலியாளுக்கும் அது சோறு போடுகிறது. ஆனால், குவாரி சிறிதாயின் தீங்கும் சிறிதாகவே இருக்கும் என்ற எண்ணத்தை மட்டும் நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 ஹெக்டேர், அதாவது சுமார் 12 ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மணல் எடுத்தால் 50,000 கன மீட்டர் ஆகிறது. மணலின் இடுக்குகளில் தங்கிக் கிணற்றுக்கு ஊறி வரும் ஜலம் அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கொண்டாலும், ஒரு கோடி லிட்டர்! வெள்ளம் வடிந்த பிறகு அந்த ஜலத்தை வெயில் குடித்துவிடாமல் காப்பது மணல்தான். மேலும், ஆற்றுப் படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் ஊற்றும் அந்தப் பள்ளத்தை நோக்கி இறங்கிவிடுகிறது.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக்கு இதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய நான்கும் இந்தக் கரையில்தான் கடலில் கலக்கின்றன. கடலோர நிலத்தின் அடியில் நன்னீரானது, கனம் மிகுந்த உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பு நீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது சாஸ்திரக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், நாளடைவில் கீழே உப்பு 40 அடி ஏறும். கொள்ளிடத்தில் ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே பெரும் பொருட் செலவில் சர்க்கார் கதவணை கட்ட முற்பட்டதற்கு, கடல் நீர் உட்புகாமல் தடுப்பதும் ஒரு காரணம். ஒரு கையால் கதவைச் சாத்திக்கொண்டு மறு கையால் சுவரை இடிப்பாருண்டோ?

2006-ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் அறிவிப்பின்படி, 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படவில்லை. பெரு நிலத்தைச் சிறு துண்டுகளாக்கிக் குத்தகைக்கு விடும் தந்திரத்துக்கு இது வழி திறந்தது. 2012 பிப்ரவரி 27-இல் சுப்ரீம் கோர்ட்டு, தீபக் குமார் வழக்கில், சிறு குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்று உத்தரவிட்டது. 2016 ஜனவரி 15 அறிவிப்போ, ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளை ஒரே தொகுப்பாக எண்ண வேண்டும் என்றது. அதுவே நியாயம். ஆற்றுக்குச் சர்வே எண் தெரியாது. பத்துப் பேர் தோண்டிய பத்துப் பள்ளங்களும் அதற்கு ஒரே காயம்தான்.

அதே அறிவிப்பின்படி, ஜில்லா ஆய்வறிக்கையின் நகல் 21 நாட்கள் பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அதைப் படிப்பவர் எத்தனை பேர்? படித்தவர்கள் அதைக் கேட்டு வாங்கிக் கிராம சபையில் உரக்க வாசிக்க வேண்டும். மேட்டூர் அணை 1934-இல் எழுந்த பின், வெள்ளம் வருஷந்தோறும் கொண்டு சேர்க்கும் மணல் எவ்வளவு? எடுப்பது அதற்குள் அடங்குமா? பக்கத்தில் வேறு பள்ளங்கள் எத்தனை? தோண்டுமுன் கிணற்று நீரின் மட்டத்தையும் உப்பையும் அளந்தார்களா? தோண்டிய பின் மறுபடி அளப்பவர் யார்?

இக்கேள்விகளைக் கேட்கக் கலாசாலைப் பட்டம் வேண்டியதில்லை. வீட்டுக் கிணற்று நீரை ருசி பார்த்த நாக்குப் போதும். உப்பு ஏறிய கிணற்றை எந்த உத்தரவும் ஒரே நாளில் தித்திக்கச் செய்யாது. ஆகையால், கேட்க வேண்டியதைத் தோண்டுவதற்கு முன்பே கேட்போமாக!