பேரன் பேத்திக்குப் பங்கு வாங்குமுன்

1986-ல் மும்பை பங்குச்சந்தை சென்செக்ஸ் குறியீட்டைத் தொடங்கியபோது, அன்றைய முன்வரிசை நிறுவனங்கள் 30 அதில் இடம்பெற்றன. அம்பாசடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இருந்தது. பத்மினி கார் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், காகிதத் தொழிலில் பெயர்பெற்ற பல்லார்பூர் இண்டஸ்ட்ரீஸ் இரண்டும் இருந்தன. அந்த வருடம் பிறந்த பேரனுக்காக ஒரு தாத்தா இந்த மூன்றிலும் பங்கு வாங்கிப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. பல்லார்பூர் திவால் நடவடிக்கைக்குப் போனது. அதே பட்டியலில் இருந்த ஹிந்துஸ்தான் லீவர், ஐ.டி.சி., லார்சன் அண்ட் டூப்ரோ ஆகியவை இன்றும் சென்செக்ஸில் நிற்கின்றன. எது நிற்கும், எது போகும் என்று 1986-லேயே பிரித்துச் சொல்லும் வழி எதுவும் இருக்கவில்லை.

குழந்தைகளுக்கான முதலீட்டில் இதுதான் அடிப்படைச் சிக்கல். நாம் கணக்குப் போடுவது 15, 20 வருடங்களுக்கு. அவ்வளவு காலத்தில் தொழில்கள் மாறும், நிர்வாகம் கைமாறும். ஆகவே, ஒதுக்கும் பணத்தின் பெரும்பகுதியை இண்டெக்ஸ் ஃபண்டில் போடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. தேசியப் பங்குச்சந்தையின் நிஃப்டி குறியீட்டில் உள்ள 50 நிறுவனங்களின் பங்குகளை, அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்ட் அது. குறியீட்டை வருடத்துக்கு இரண்டு முறை மறு ஆய்வு செய்கிறார்கள். தேய்ந்துபோன நிறுவனம் வெளியேறும், வளர்ந்தது உள்ளே வரும். 2009-ல் கணக்கு மோசடி வெளிப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர்ஸும், 2020-ல் நெருக்கடியில் சிக்கிய யெஸ் பேங்கும் குறியீட்டிலிருந்து நீக்கப்பட்டன. குறியீட்டை வைத்திருந்தவருக்கு அவை சிறிய அடி. அந்த ஒரே பங்கை நம்பியிருந்தவருக்குப் பேரிழப்பு.

இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கும்போது டைரக்ட் பிளான் என்று கேட்டு வாங்குங்கள். இடையில் முகவருக்குப் போகும் கமிஷன் அதில் கிடையாது. வருடத்துக்கு அரை சதவிகிதம்தானே என்று தோன்றும். ஆனால் 1 லட்சம் ரூபாய் வருடத்துக்கு 12 சதவிகிதம் வளர்ந்தால் 20 வருடத்தில் ஏறக்குறைய 9.65 லட்சமாகும், 11.5 சதவிகிதம் வளர்ந்தால் 8.82 லட்சம்தான். இது வெறும் கூட்டு வட்டிக் கணக்கு. சந்தை இவ்வளவு தரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. 2008 தொடக்கத்தில் 21,000 வரை போன சென்செக்ஸ், அடுத்த ஆண்டு மார்ச்சில் 8,200-க்கும் கீழே இருந்தது. அதனால் மூன்று, நான்கு வருடத்தில் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய பணத்தைப் பங்குச்சந்தைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதை வங்கி டெபாசிட்டிலோ அஞ்சலகத்திலோ வைப்பதுதான் முறை.

மீதிப் பணத்தில் சில நிறுவனங்களைத் தனியாகத் தேர்ந்தெடுக்க ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யலாம். முதலில் ஒரு மயக்கத்திலிருந்து விடுபட வேண்டும். ‘பத்து ரூபாய்ப் பங்கில் ஆயிரம் வாங்கிப் போடுவோம், பேத்தி கல்யாணத்துக்குள் நூறு ரூபாய் ஆகாதா?’ என்று கேட்பவர்கள் நிறைய. பங்கின் விலை குறைவாக இருப்பதால் அது மலிவு ஆகிவிடாது. சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு 2023 ஜூனில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. 10 ரூபாய் முகமதிப்புள்ள அந்தப் பங்கைச் சிறு பங்குகளாகப் பிரிக்காமலே நிறுவனம் வைத்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். மறுபுறம், 2008-ல் 800 ரூபாய் வரை விற்ற ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் பங்கு, பின்னாளில் 2 ரூபாய்க்கும் கீழே கிடைத்தது. மலிவு என்று அதை அள்ளியவர்கள், நிறுவனத்தின் கடனைப் பார்க்கத் தவறினார்கள்.

கடனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடன் குறைந்த நிறுவனம் மோசமான வருடங்களையும் தாண்டி வரும். அடுத்து, ஆண்டறிக்கையில் காட்டும் லாபத்துக்கு ஏற்ப ரொக்கம் உண்மையிலேயே கைக்கு வந்திருக்கிறதா என்று ரொக்க ஓட்ட அறிக்கையில் பாருங்கள். வருடா வருடம் லாபம் ஏறி, ரொக்கம் மட்டும் வரவில்லை என்றால் ஒதுங்கிவிடலாம். நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும் பங்குதாரர் விவரத்தில் அது இருக்கும். பங்குச்சந்தைகளின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வாங்கியபின் வருடத்துக்கு ஒருமுறையாவது இவற்றைத் திரும்பப் பாருங்கள். நீண்டகால முதலீடு என்றால் வாங்கி மறந்துவிடுவது என்று அர்த்தமில்லை.

இனி, யார் பெயரில் வாங்குவது? அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான்.

பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கைக் குழந்தை பெயரிலேயே திறக்கலாம். குழந்தைக்குப் பான் எண் வேண்டும். கணக்கைக் கையாளும் கார்டியனாகப் பெற்றோரோ நீதிமன்றம் நியமித்தவரோதான் இருக்க முடியும். தாத்தா, பாட்டி என்ற உறவு மட்டும் போதாது. அதில் வரும் ஈவுத்தொகையும் விற்ற லாபமும், அப்பா அம்மா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். 18 வயது முடிந்ததும் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டு, புதிதாக ஆவணங்கள் கொடுத்தபின் முழுக் கட்டுப்பாடும் பிள்ளையின் கைக்குப் போகும். அந்த வயதில் பெருந்தொகையைக் கையாளும் பக்குவம் வந்திருக்குமா என்பதை ஒவ்வொரு குடும்பமும்தான் யோசிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தாத்தா பாட்டி தங்கள் பெயரிலேயே தனி டீமேட் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் பேரப்பிள்ளைக்கான பங்குகளை மட்டும் சேர்ப்பது சுலபம். பிள்ளை வளர்ந்தபின் பங்குகளை அப்படியே அவர் கணக்குக்கு அன்பளிப்பாக மாற்றலாம். நெருங்கிய உறவுக்குள் என்பதால் அந்த அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. பின்னால் விற்கும்போது, நீங்கள் வாங்கிய விலையும் தேதியுமே கணக்கில் வரும். 2024 ஜூலையிலிருந்து, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்ற லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை; அதற்கு மேல் 12.5 சதவிகிதம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. இடையில் நமக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பேரனை நாமினியாகப் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நாமினி பங்குகளைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, சட்டப்படியான வாரிசுகளின் உரிமையை அது மாற்றாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உயில் எழுத வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. தொடர்ந்து ஏழு வருடம் ஈவுத்தொகையை யாரும் பெறவில்லை என்றால், அந்தப் பங்குகளே அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். வங்கிக் கணக்கு மாறியதும், வீடு மாறியதும், பங்கு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாததும்தான் பெரும்பாலும் காரணம். திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் படிவம், சான்று, அலைச்சல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். பீரோவில் பழைய காகிதப் பங்குகள் இருந்தால் உடனே டீமேட் ஆக்கிவிடுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து அவற்றைக் காகிதமாகவே விற்று அடுத்தவர் பெயருக்கு மாற்ற முடியாது.

எந்த நிறுவனத்தில் எத்தனை பங்கு, எந்த டீமேட் கணக்கு, எந்த வங்கிக் கணக்கு என்று ஒரு தாளில் எழுதி, அதன் நகலை மகனிடமோ மகளிடமோ இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.