உடல் சிவப்பா, கறுப்பா?

தாம்பரத்தை அடுத்த எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடத்தின் பின்புறம் ஒரு கறிவேப்பிலை மரம் உண்டு. சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த வாரத்தில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அங்கே கண்ட வண்ணத்துப்பூச்சியை வரைந்து வந்தாள். கருஞ்சிறகு, பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். 'ரோஜா அழகி' என்று பெயர் எழுதச் சொன்னேன். "புத்தகத்துல உடம்பு சிவப்புன்னு இருக்கு டீச்சர். இதுக்குக் கறுப்பா இருந்துச்சே" என்றாள். சரியாகப் பார்த்திருக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டேன். அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள்.

அவள் கண்டது காமன் மோர்மன் எனப்படும் கறிவேப்பிலை அழகியின் பெண். ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற கொடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதை நெருங்காது. கறிவேப்பிலை அழகியிடம் அந்த நஞ்சு இல்லை; வேடம் மட்டும் உண்டு. வேடதாரிகள் பெருகிவிட்டால் பறவைகள் ஏமாறுவதும் குறைந்துவிடும்.

வேடம் பெண்ணுக்கு மட்டுமே. ஆணின் பின்சிறகில் வெண்புள்ளிகள் வரிசையாக ஒரு பட்டைபோல் அமைந்திருக்கும். பெண்ணில் மூன்று வடிவங்கள் உண்டு: ஒன்று ஆணைப் போன்றது, ஒன்று ரோஜா அழகியைப் போன்றது, மற்றொன்று முன்சிறகில் வெண்பட்டைகள் கொண்ட கிரிம்சன் ரோஸைப் போன்றது. ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே வெவ்வேறு வடிவப் பெண்கள் வெளிவரலாம். இவை ஓரினமே என்று வாலஸ் 1865இல் எழுதினார். இதை முடிவு செய்வது 'டபுள்செக்ஸ்' என்னும் ஒரே மரபணு எனக் கிருஷ்ணமேக் குண்டே முதலான ஆய்வாளர்கள் 2014இல் 'நேச்சர்' இதழில் காட்டினர். பத்தாம் வகுப்பில் மரபியல் நடத்துவோருக்கு பட்டாணிச் செடியோடு சொல்ல உள்ளூர் எடுத்துக்காட்டு இது.

வகுப்பில் சோதிக்க எளிய வழி, சிறகை விட்டுவிட்டு உடலைப் பார்ப்பதே. ரோஜா அழகி, கிரிம்சன் ரோஸ் இரண்டின் உடலிலும் சிவப்பு தெரியும். வேடதாரியின் உடல் கறுப்பு.

தொடக்க வகுப்புகளுக்குப் புழுவே போதும். இளம்புழு பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்தபின் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கவைபோன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும், பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். சமையலர் அம்மாவிடம் கேட்டு ஒரு கிளையில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். அதிலிருந்து அவர் இலை பறிப்பதில்லை.