கோணிய விரல்களில் ஒரு லட்சம் அறுவை

மதுரைக்கு அருகிலுள்ள பரவையில் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான் மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படம் 'இன்ஃபினிட் விஷன்'. நடிகர் யாரும் தேவைப்படவில்லை. நிஜமே சினிமாவை மிஞ்சுகிறது!

மகப்பேறு மருத்துவராக விரும்பியவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே மறுபடி பழகினார். பிறகு தன் கைக்கேற்ற கருவிகளோடு கண் அறுவையில் இறங்கி, ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து முடித்தார். மருத்துவமனை தொடங்கியதோ அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு. மருத்துவமனையின் அங்கமாக 1992-இல் தொடங்கிய 'ஆரோலேப்', கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே தயாரிக்கிறது, வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது.