சிறுதொழில் மானியம்: அடையும் வழி

மானியம் என்ற சொல் நம் கிராமங்களுக்குப் புதியதன்று. கோயிற் பணிக்கும் ஊர்ப் பணிக்குமாக வரியில்லாமல் விடப்பட்ட நிலத்தை நம் முன்னோர் மானியம் என்றே அழைத்தனர். அந்தப் பழைய பொருள் மனத்தில் தங்கியிருப்பதனாலோ என்னவோ, தொழில் மானியம் என்றவுடன் அதனை அரசாங்கம் கையில் கொடுத்துவிட்டுப் போகும் பணம் என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். இன்றைய தொழில் மானியம் பெரும்பாலும் அத்தகையதன்று. அது வங்கிக் கடனோடு பிணைந்து வருவது. தொழில் நிலைத்து நடந்தாலன்றி நம்முடையதாகாதது. இந்த ஓர் உண்மையை அறியாமையால் நகையை விற்று நஷ்டப்பட்டோரும், இடைத்தரகரிடம் பணத்தைப் பறிகொடுத்தோரும் நம்மிடையே உண்டு. ஆகவே மானியம் எங்கே இருக்கின்றது, எவ்வாறு வருகின்றது, அதில் பஞ்சாயத்துக்கு என்ன பங்கு என்பவற்றை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

தொழிலுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்யும் வழக்கம் நம் மாநிலத்தில் நூறாண்டுகளுக்கு முற்பட்டது. 1922ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் தொழில்களுக்கு அரசு உதவி வழங்குவதற்கெனத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பின்னர் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கதர் கிராமத் தொழில் வாரியம் அமைந்தது. 1978ஆம் ஆண்டில் மாவட்டத் தொழில் மையங்கள் தோன்றின. இன்று சிறுதொழில் செய்ய விரும்பும் ஒருவர் முதலில் ஏறவேண்டிய படி இந்த மாவட்டத் தொழில் மையத்தின் படியேயாகும். மாநில அரசின் திட்டங்களில் பெரும்பாலானவையும், மத்திய அரசின் திட்டங்கள் சிலவும் அங்கேதான் ஒன்றுகூடுகின்றன. பொது மேலாளர் அந்த மையத்தின் தலைவர். அவரையோ அவருக்குக் கீழுள்ள அலுவலர்களையோ காண்பதற்கு எவருடைய சிபாரிசும் தேவையில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை.

திட்டங்கள் பல. ஒவ்வொன்றையும் விரித்துரைப்பதை விட, ஒரே தொழிலை எடுத்துக்கொண்டு அது எந்தெந்தக் கதவைத் தட்டலாம் என்று பார்ப்பது பயனுடையது. ஒரு கிராமத்துப் பெண்மணி மின்சாரத்தால் இயங்கும் மரச்செக்கு ஒன்று வைக்க எண்ணுகின்றார் என்று கொள்வோம். செக்கு, வடிகட்டும் சாதனம், மின் இணைப்பு, முதல் கொள்முதலுக்கான நடைமுறை மூலதனம் ஆகியவை சேர்ந்து ரூ. 8,00,000 ஆகின்றது. இதில் நிலத்தின் விலையைச் சேர்த்தல் கூடாது; திட்டச் செலவில் நிலம் கணக்கில் வாராது.

முதற் கதவு, 2008ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகள் உற்பத்தித் தொழிலுக்கு ரூ. 50 லட்சம் வரையிலும், சேவைத் தொழிலுக்கு ரூ. 20 லட்சம் வரையிலும் திட்டச் செலவை அனுமதித்தன. பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 15, கிராமப்புறத்தில் நூற்றுக்கு 25 என்பது மானிய விகிதம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35. நம் கிராமங்களில் இந்த இரண்டாம் வகுப்பில் அடங்காதவர் மிகச் சிலரே. இவர்கள் திட்டச் செலவில் நூற்றுக்கு 5 பங்கு மட்டும் சொந்தப் பணமாகப் போட்டால் போதும். மற்றவர் 10 பங்கு போடவேண்டும்.

நாம் எடுத்துக்கொண்ட பெண்மணியின் கணக்கு எவ்வாறாகும்? அவர் போடவேண்டியது ரூ. 40,000. வங்கி தருவது ரூ. 7,60,000. மானியம் ரூ. 2,80,000. இந்த மானியத் தொகை அவர் கைக்கு வாராது. வங்கிக்கு வந்து, அவர் பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு வைப்பாகக் கிடக்கும். அவ்வைப்புக்கு வட்டி இல்லை. ஆனால் கடனில் அதற்குச் சமமான பகுதிக்கும் வங்கி வட்டி போடாது. மூன்று ஆண்டுகள் கழிந்து, தொழில் நடப்பது நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்ட பிறகே அது கடனில் வரவு வைக்கப்படும். இடையிலே செக்கை மூடிவிட்டால் மானியம் அரசாங்கத்துக்கே திரும்பிப் போகும். கடன் மட்டும் நம் தலைமேல் நிற்கும்.

ஆகையால், மானியம் எவ்வளவு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உள்ளது. மானியம் போக அவர் உண்மையில் அடைக்கவேண்டிய கடன் ரூ. 4,80,000. ஐந்தாண்டுகளில் மாதத் தவணையாக அடைப்பதென்றால் அசல் மட்டும் மாதம் ரூ. 8,000. வட்டி நூற்றுக்கு 11 என்று வைத்துக்கொண்டால் முதல் மாத வட்டி ரூ. 4,400. ஆக ரூ. 12,400. மாதத்தில் 25 நாட்கள் செக்கு ஓடினால், நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய ரூ. 500 வங்கிக்கென்றே ஒதுக்கவேண்டும். மின்கட்டணமும் ஆட்கூலியும் கழிந்து, கிலோவுக்கு 10 ரூபாய் மிஞ்சுமானால், வங்கிக்காக மட்டும் நாள்தோறும் 50 கிலோ வித்து ஆட்டியாக வேண்டும். குடும்பத்துக்கு அதற்கு மேல். நம் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விளையும் நிலக்கடலையும் எள்ளும் ஆண்டு முழுவதும் இதற்கு ஈடு கொடுக்குமா? அடுத்த ஊரில் ஏற்கெனவே எத்தனை செக்குகள் இருக்கின்றன? இக்கேள்விகளுக்கு மனநிறைவான விடை கிடைத்தால் துணிந்து இறங்கலாம். கிடைக்காவிடில், நூற்றுக்கு 35 அன்று, 50 தருவதாயினும் ஒதுங்கி நிற்பதே நலம் என்பது நம் கருத்து.

இரண்டாவது கதவு, 2020ஆம் ஆண்டில் வந்த உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் திட்டம். இதன் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. எண்ணெய், மாவு, ஊறுகாய், வெல்லம், அப்பளம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். மானியம் நூற்றுக்கு 35. மேல் வரம்பு ரூ. 10 லட்சம். சொந்தப் பங்கு நூற்றுக்கு 10 ஆதலின், நம் பெண்மணி ரூ. 80,000 போடவேண்டியிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் முதற் கதவே மேல் என்று தோன்றும். ஆனால் முதல் திட்டம் புதிதாகத் தொடங்குவோருக்கு மட்டுமே உரியது; ஏற்கெனவே சிறிய செக்கு ஒன்று வைத்திருந்து, அதனைப் பெரிதாக்க விரும்புவோருக்கு இந்த இரண்டாவது கதவே திறக்கும். இதிலும் மானியம் மூன்றாண்டுகள் வங்கியில் காத்திருக்கும். தனியாகக் கடன் வாங்க இயலாத பெண்களுக்கு இத்திட்டத்தில் வேறொரு வழியும் வைக்கப்பட்டது. சுயஉதவிக் குழுவைச் சேர்ந்து உணவுத் தொழில் செய்யும் உறுப்பினர் ஒருவருக்கு ரூ. 40,000 வரை தொடக்க மூலதனம், குழுக்களின் கூட்டமைப்பு வழியாகக் கடனாகக் கிடைக்கும்.

மூன்றாவது, மாநில அரசு 2010-11ஆம் ஆண்டில் தொடங்கிய வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். மானியம் நூற்றுக்கு 25. நம் செக்குக்கு ரூ. 2,00,000 ஆகின்றது. எட்டாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும். வயது, குடும்ப வருமானம் ஆகியவற்றுக்கும் வரம்புகள் உண்டு. உற்பத்தியோடு வியாபாரத்துக்கும் இது இடங்கொடுப்பதால், மளிகைக் கடையோ உரக்கடையோ வைக்க நினைக்கும் இளைஞர் இதனை முதலில் விசாரிப்பது தகும்.

ஒரு தொழிலுக்கு ஒரு திட்டத்தின் மூலதன மானியமே பெறலாம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ரூ. 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொழில் தொடங்கும் முதல் தலைமுறையினருக்கு 2012-13 முதல் நடைபெறும் புதிய தொழில்முனைவோர் திட்டம் உள்ளது. அதில் நூற்றுக்கு 25 மானியத்தோடு வட்டியிலும் 3 பங்கு குறையும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டம் நூற்றுக்கு 35 மானியமும் 6 பங்கு வட்டிக் குறைப்பும் அளிப்பதாக அமைந்தது. குயவர், தச்சர் போன்ற கைவினைஞருக்குத் தனியே கலைஞர் கைவினைத் திட்டம் வந்துள்ளது. விகிதங்களும் வரம்புகளும் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. மத்திய அரசுத் திட்டங்கள் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கே அனுமதிக்கப்படுகின்றன. முதலிற் கூறிய திட்டம் 2025-26ஆம் நிதியாண்டு முடிய அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆதலின் விண்ணப்பிக்கும் நாளில் எந்த ஆண்டு விதி நடப்பில் உள்ளது என்பதை மையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயிர் செய்வதற்கே இந்தத் தொழில் மானியங்கள் பொருந்தா. அதற்கு வேளாண்மைத் துறையின் உதவிகள் தனியே உள்ளன. விளைந்ததை மாற்றிப் பெருமதிப்பாக்குவதே இங்கு தொழில் எனப்படுவது. நெல் விளைவிப்பவர் அவல் இடித்தால் தொழில். தென்னை வளர்ப்பவர் கயிறு திரித்தால் தொழில்.

இனி, செய்யத்தகாதது ஒன்று. கடன் அனுமதியாகும் முன்னர் யந்திரத்தை வாங்கிவிடுதல் கூடாது. "யந்திரம் வந்து இறங்கிவிட்டால் வங்கிக்காரர் நம்பிக் கொடுப்பார்" என்ற பேச்சு கிராமங்களில் உலவுகின்றது. இது முற்றிலும் தவறு. தொடங்கிவிட்ட தொழில் புதிய தொழில் ஆகாது. புதியோருக்கான மானியம் அன்றோடு போயிற்று. முதலில் வேண்டுவது யந்திரமன்று, அதன் விலைப்புள்ளி. அதனோடு ஆதார், சாதிச் சான்று, கல்விச் சான்று, தொழில் நடத்தும் இடத்தின் ஆவணம் அல்லது வாடகை ஒப்பந்தம், திட்ட அறிக்கை ஆகியவற்றை இணைத்து இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இணையப் பழக்கம் இல்லாதவர் இ-சேவை மையத்தையோ தொழில் மையத்தையோ நாடலாம். பயிற்சியும் கட்டாயமாதலின், மாவட்டந்தோறும் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. அங்கே உணவோடு தங்கிக் கற்கலாம், கட்டணம் இல்லை.

விண்ணப்பம் மையத்தைக் கடந்து வங்கிக்குச் சென்ற பின்னரே பலருக்குத் தாமதம் ஏற்படுகின்றது. கடன் தருவதா இல்லையா என்ற தீர்ப்பு வங்கியினுடையது. மையம் பரிந்துரைக்கத்தான் முடியும். வங்கி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். அக்காரணம் சரியன்று என்று தோன்றினால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் முறையிடலாம். 1969ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் இந்த முன்னோடி வங்கி ஏற்பாடு இத்தகைய குறைகளைக் கேட்பதற்கும் உரியதே. "நூற்றுக்கு இவ்வளவு கொடு, மானியம் வாங்கித் தருகிறேன்" என்று வருவோரிடம் ஒரு காசும் கொடுக்கலாகாது. எந்தத் திட்டத்துக்கும் அரசாங்கம் முகவரை நியமித்ததில்லை. சிறுதொழில் பதிவுக்கான உதயம் சான்றும் 2020 ஜூலை முதல் இலவசமே. அதற்கும் பணம் கேட்கும் போலி இணையதளங்கள் உள்ளன.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் என்ன பங்கு? தனியொருவர் தொழிலுக்குக் கொடுக்கும் அளவுக்குக் கிராமப் பஞ்சாயத்தின் கஜானா நிறைந்ததன்று. எனினும் பஞ்சாயத்து கொடுக்கும் ஒரு காகிதம் சில வேளைகளில் பெரும் பணத்துக்குச் சமம். 2022ஆம் ஆண்டு விதிப்படி, பஞ்சாயத்து ஆட்சிக்குட்பட்ட பகுதி முழுவதும் கிராமப்புறமாகக் கருதப்படும். நகரத்தை ஒட்டியுள்ள பஞ்சாயத்துகளில் இது மிக முக்கியம். சாலையின் ஒருபுறம் நகராட்சி, மறுபுறம் பஞ்சாயத்து என்றிருக்குமிடத்தில், நம் பெண்மணியின் செக்கு எந்தப் புறத்தில் நிற்கின்றது என்பதைப் பொறுத்து மானியம் 25 அல்லது 35. ரூ. 8,00,000 திட்டத்தில் இவ்வேறுபாடு ரூ. 80,000. கிராமப்பகுதி என்ற சான்று உரிய காலத்தில் கிடைக்காமற்போனால் இத்தொகை ஒரு குடும்பத்துக்கு இழப்பாகின்றது. இதனைப் பத்து நாள் அலைய வைக்காமல் வாங்கிக் கொடுப்பது அங்கத்தினர் கடமை. தொழில் உரிமமும் அவ்வாறே. மேலும், ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில், மே முதல் நாளன்றாவது தொழில் மைய அலுவலர் ஒருவரை அழைத்து, அவ்வாண்டுத் திட்டங்களையும் வயது வரம்புகளையும் ஊரார் முன்னிலையில் கூறச் செய்யலாம். சபையில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட செய்தியை வைத்துத் தரகர் பிழைப்பது அரிது.

தொழில் தொடங்கிய பின்னும் கிடைக்கும் உதவி ஒன்று உண்டு. அதனைக் கேட்டுப் பெறுவோர் குறைவு. மாநில அரசின் 2021ஆம் ஆண்டுச் சிறுதொழிற் கொள்கை, குறு உற்பத்தி நிறுவனங்களுக்குக் குறைந்த அழுத்த மின்கட்டணத்தில் நூற்றுக்கு 20 பங்கை 36 மாதங்களுக்கு மானியமாக வகுத்தது. மாதம் ரூ. 5,000 மின்கட்டணம் செலுத்தும் செக்குக்கு இது ரூ. 1,000; மூன்று ஆண்டுகளில் ரூ. 36,000. கட்டணத்தை முதலில் நாமே முழுவதும் செலுத்திவிட்டு, பின்னர் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறவேண்டும். இதற்கும் காலக்கெடு உண்டு. ஆகவே உற்பத்தி தொடங்கிய தேதிக்கான ஆதாரத்தையும், முதல் மாதத்திலிருந்து வரும் மின்கட்டண ரசீதுகள் அனைத்தையும் ஒரு கோப்பில் சேர்த்துவைத்தல் வேண்டும்.