உங்களுக்குத் தெரியுமா? பரணில் கிடக்கும் ஸ்பூல் டேப்

● சங்கரன்கோவில் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணை ஒழிக்கும்போது ஏழு அங்குல ஸ்பூல் ஒன்று அகப்பட்டால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கல்யாண நாகஸ்வரமோ, கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டோ, ரேடியோவில் பிடித்த கச்சேரியோ அதில் இருக்கலாம். வேறெங்கும் பிரதி இல்லாத பதிவாகவும் அது இருக்கலாம்.

● திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது 1963 டிசம்பர் 1இல். பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியதும் அதே ஆண்டில்தான். நிலையம் தொடங்கிய நாலே மாதத்தில், 1964 ஏப்ரலில், நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் மறைந்துவிட்டார். பத்து அங்குல 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். அதற்குள் ராகத்தை முடித்தாக வேண்டும். அவர் அவசரமில்லாமல் விரித்து வாசித்ததை இன்றும் நாம் கேட்க முடிகிறதென்றால், அதற்கு ஸ்பூலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

● நாடாவின் மேல் பூசியிருப்பது இரும்பு ஆக்சைடு. 1928இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஃப்ளூமர் முதலில் காகிதப் பட்டையில்தான் இதைப் பூசினார். சிகரெட் நுனியில் பொன்னிறப் பட்டை ஒட்டும் வேலையில் இருந்தவர் அவர்.

● கேசட்டைவிட ஸ்பூலில் சத்தம் ஏன் அவ்வளவு நிறைவாக இருக்கிறது? கேசட் நாடாவின் அகலம் 3.8 மில்லிமீட்டர், வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஸ்பூல் நாடா 6.3 மில்லிமீட்டர்; வீட்டு மெஷினிலேயே 19 செ.மீ. வேகம் உண்டு. அகலமும் வேகமும் கூடக் கூட, இரைச்சல் அடங்கி ஜால்ராவின் நுனி ஓசைகூடத் துல்லியமாகப் பதியும். அந்த வேகத்தில் 1,200 அடி நாடா 32 நிமிடம் வரும்.

● அண்ணன்மார் கதையைக் கொங்குநாட்டு ஓலப்பாளையத்தில் உடுக்கையடிப் பாடகர்கள் பல இரவுகள் பாட, மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் டேப்பில் பதிவு செய்தார். பின்னாளில் அது புத்தகமாகவும் வந்தது. தென்பாண்டிச் சீமை வில்லுப்பாட்டுக்கும் இப்படிப் பரண்களில் எத்தனை ஸ்பூல் காத்திருக்கிறதோ!

● அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மெஷின்களில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் கணக்கில் சுற்றும் மோட்டாராக இருந்தால், வோல்டேஜை மாற்றிக் கொடுத்தாலும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார்! கப்பியை மாற்றினால் சரியாகும்.

● ஒரு பாட்டுக்குப் பின்னால் இன்னொரு பாட்டு தலைகீழாகக் கேட்கிறதா? நாடா கெடவில்லை. நான்கு ட்ராக் பதிவை இரண்டு ட்ராக் ஹெட்டில் ஓட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

● ஓட்டுவதற்கு முன் ஸ்பூலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட் நாடா. வினிகர் வாடை அடித்தால் அது அழியத் தொடங்கிவிட்டது, உடனே பிரதி எடுக்க வேண்டும். ஒளி புகாததென்றால் பாலியெஸ்டர். சில பாலியெஸ்டர் நாடாக்கள் ஈரம் ஏறிப் பிசுபிசுத்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் அவற்றை 50, 55 டிகிரி இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்து, அதன் பிறகே ஓட்டுவார்கள். அசிடேட்டுக்கு மட்டும் இந்தச் சூடு கூடவே கூடாது.

● எந்த வேகத்தில் பதிந்தார்கள் என்று தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. கரண்டில் ஓடிய மெஷினென்றால், 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பாட்டோடு சேர்ந்து மெல்லப் பதிந்திருக்கும். கணினியில் ஏற்றி அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 48இல் நின்றால் நாடா நூற்றுக்கு நாலு பங்கு மெதுவாக ஓடுகிறது. ரீங்காரம் 50க்கு வரும்வரை வேகத்தைக் கூட்டினால் சுருதி தானாகச் சேர்ந்துவிடும்.